எண்பத்தேழாம் வரி

நாற்பத்தொரு வயதில்தான் எனக்கு எழுத்து வந்தது. அதுவரை இரப்பர் ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். 'தொடாதே' என்று எழுதியிருந்த குழாயைத் தொட்டு என் உள்ளங்கை வெந்தபிறகு, படிக்காதவர்கள் எல்லோரும் சாப்பாட்டு இடைவேளையில் வகுப்புக்கு வர வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். இரண்டு வருடம் போனேன். பிறகு முதுகு விட்டுப்போய் மூட்டை தூக்க முடியாமல் ஆனபோது, என்னை வெளியே தள்ளாமல் காப்பாற்றியது அந்த எழுத்துதான். ஆவண அறையில் ஸ்கேனர் முன்னால் உட்கார வைத்தார்கள். வாய்க்குள் முணுமுணுத்து முணுமுணுத்துப் படிப்பதால் அங்கே என் பெயர் எழுத்துக்கூட்டி.

விபத்து அறிக்கைகளைக் கணினியின் ஆவணப் பட்டியலில் ஏற்றுவது என் வேலை. ஒரு கோப்புக்கு ஒரு வரி. யார், எப்போது, எந்த இயந்திரம், எந்த உறுப்பு என்று காகிதத்தில் இருக்கும். ஏன் என்று இருக்காது. பாதுகாப்பு அதிகாரி இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்து, பட்டியலில் 'காரணம்' என்ற கட்டத்தில் அதை நிரப்புவார். காகிதத்தை ஸ்கேன் செய்தபின் அரைக்கும் இயந்திரத்தில் நானே போட்டுவிடுவேன். அப்புறம் உலகத்தில் அந்த விபத்துக்கு அந்த ஒரு வரிதான் சாட்சி.

எண்பத்தேழாம் வரி என் அக்கா புருஷனுடையது. உருளையில் கை போனபோது அத்தான் நிறுத்தும் கம்பியை முட்டியால் மூன்று தடவை இடித்திருக்கிறார். அது நிற்கவில்லை. நான்கு விரல் போயிற்று. 'இயந்திரக் கோளாறு' என்று கட்டத்தில் இருந்தால், ஆலை கொடுத்த இரண்டு அறை வீடு அவருடைய ஓய்வு வயதுவரை இருக்கும். 'தொழிலாளி கவனக்குறைவு' என்றால் முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். நானும் அந்த வீட்டின் முன்னறையில்தான் கிடந்தேன்.

அக்கா தினமும் கேட்பாள்.

"டேய், அத்தான் பேருக்கு நேரா என்னடா இருக்கு?"

"இயந்திரக் கோளாறுன்னு இருக்குக்கா."

"சரியாப் படிச்சியா?"

"அவன் படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு விரல் முளைச்சிடும்டி," என்பார் அத்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தன் டீயைக்கூட மற்றவர் கலக்கித் தர வேண்டும் என்று நினைக்கும் மனிதர்.

"வாய்யா எழுத்துக்கூட்டி. அடுத்த வாரம் தொழிலாளர் அலுவலகத்துலேர்ந்து ஒரு மேடம் விபத்து விசாரணைக்கு வராங்க. பட்டியலைச் சீர் பண்ணணும். ஒவ்வொன்னாத் திறக்க வேண்டாம். மேல இருக்கிற கட்டத்துல டிக் போட்டா எல்லா வரிக்கும் டிக் விழும். வலது பக்கம் காரணத்தை ஒரு தடவை மாத்து. நூத்தி நாப்பத்திமூணும் மாறிடும்."

"என்னன்னு மாத்தணும் சார்?"

"கவனக்குறைவு."

"எல்லாத்துக்குமா? மெஷினைப் பாத்துப் போட்டதாச்சே சார்."

அவர் கோபப்படவில்லை. நிஜமான அக்கறையோடுதான் கேட்டார்: "உன் முதுகு இப்ப எப்படியிருக்கு? மூட்டைப் பக்கம் ஆள் பத்தலையாம்."

தலையாட்டினேன்.

"என் நாற்காலியிலயே உக்காரு. என் பேர்லதான் திறந்திருக்கு. உன் பேர் எதுலயும் வராது, பயப்படாத," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அந்த நாற்காலி என் முதுகுக்கு இதமாகவும் இருந்தது.

மேல் கட்டத்தில் டிக் போட்டேன். எல்லா வரியும் நீலமாயிற்று. முப்பத்தோராம் வரியில் பெருக்குகிற அம்மாள் இருந்தாள். மூடியில்லாத இயந்திரப் பட்டையில் முடி சிக்கி, பாதி மண்டைத் தோலை இழந்தவள். நான் மூட்டை தூக்கிய காலத்தில் எனக்குத் தண்ணீர் எடுத்துவைப்பாள். அவள் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கீழே போனேன். எண்பத்தேழாம் வரியில் மட்டும் டிக்கை எடுத்தேன். '142 கோப்புகள் தேர்வு செய்யப்பட்டன' என்று மேலே எழுத்து வந்தது. காரணத்தை மாற்றினேன். ஒரு பச்சைக் கோடு நத்தை மாதிரி ஊர்ந்து மறைந்தது. அவ்வளவுதான். ஒரு மூட்டையை லாரியில் ஏற்றுகிற நேரம்கூட ஆகவில்லை.

மேலாளர் திரும்பி வந்து திரையில் குனிந்து பார்த்தார்.

"எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்."

அவர் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். பிறகு என் தோளைத் தட்டினார்.

மறுநாள் மனசு கேட்கவில்லை. என் கணினியில் எண்பத்தேழாம் வரியைத் திறந்து பார்த்தேன். இயந்திரக் கோளாறு அப்படியே இருந்தது. 'சேமி'யை அழுத்திவிட்டு மூடினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சேமிக்காமல் மூடி மூன்று நாள் உழைப்பை நான் தொலைத்தவன். 'திறந்தா சேமி, திறந்தா சேமி' என்று அன்றைக்குத் தலையில் குட்டாத குறையாகச் சொல்லியிருந்தார்கள். அதிலிருந்து சும்மா பார்ப்பதற்குத் திறந்தால்கூடச் சேமித்துவிட்டுத்தான் மூடுவேன். வீட்டுக்குப் போய், "ஒன்னும் கவலைப்படாதக்கா, நான் இருக்கேன்" என்றேன். அக்கா அன்றைக்கு எனக்கு ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டாள்.

விசாரணை நாளில் பட்டியலைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். அக்காவும் அத்தானும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். கேட்ட கோப்பைக் கணினியில் திறந்து காட்ட நான் கதவோரம் நின்றேன். தொழிலாளர் அலுவலக மேடம் பொறுமையாக மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நூத்தி நாப்பத்திரெண்டு கவனக்குறைவு. இவருக்கு மட்டும் இயந்திரக் கோளாறு. எப்படி?"

"எங்களுக்கும் அதான் மேடம் ஆச்சரியம்," என்றார் மேலாளர்.

மேடம் பட்டியலை வலப்பக்கம் நகர்த்தினார். அந்தக் கோடியில் ஒரு பத்தி இருந்தது. 'கடைசியாகத் திருத்தியவர்'. நான் அதுவரை அவ்வளவு தூரம் படித்ததே இல்லை. வரி வரியாக மேலாளர் பெயர் இருந்தது. எண்பத்தேழில் என் பெயர்.

"யார் இவர்?"

"அதோ நிக்கிறாரே. இவரோட மச்சினன். ஒரே வீட்டுலதான் இருக்காங்க. மத்ததுல என் பேர் வருஷா வருஷம் பட்டியலை ஒழுங்கு பண்றப்போ வர்றதுதான்."

"பழைய பதிப்பு இருக்கா?"

"இடம் பத்தலைன்னு கடைசிப் பதிப்பை மட்டும்தான் வைக்கிறோம் மேடம்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எப்படியோ வாயைத் திறந்தேன்.

"மேடம், அதுதான் நிஜம். மத்ததெல்லாம்தான் மாத்தினது."

"யார் மாத்தினது?"

"நான்தான் மேடம்."

மேடம் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க பேர் அதுல எதுலயும் இல்லையே. இந்த ஒன்னுலதானே இருக்கு?"

அறையில் யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "எல்லாம் ஒரே மாதிரி இருந்திருந்தா நான் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டே கேட்டிருப்பேன்" என்று களைப்போடு சொல்லிவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். பிறகு அந்த வரியைச் சரி செய்யச் சொன்னார்.

"நீயே மாத்துய்யா. உன் பேர்லயே இருக்கட்டும்," என்றார் மேலாளர்.

மாற்றினேன். சேமித்தேன். எழுந்தபோது அவர் என் காதோரம் மெதுவாகச் சொன்னார்: "நூத்தி நாப்பத்திரெண்டுன்னு அன்னைக்கே பாத்தேன். ஒன்னை விட்டுவெச்சது நல்லதாப் போச்சு."

முப்பது நாள் கெடு கொடுத்தார்கள். இருபத்தெட்டாம் நாள் அக்கா அட்டைப் பெட்டிகளில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தாள். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள், அன்றைக்குத் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"பெருக்கற அம்மாவோடதையும் நீதான் மாத்தினியா?"

"ஆமாக்கா."

"அவளோட வீட்டுக்கும் காகிதம் வந்திருக்கு. நேத்து தண்ணிக் குழாயில நின்னு என்கிட்டதான் அழுதா. உன் தம்பி ஆபீஸ்லதானே இருக்கான், கொஞ்சம் பாக்கச் சொல்லுங்கறா."

நான் பேனாவை எடுத்து ஒரு பெட்டியில் 'பாத்திரம்' என்று எழுத ஆரம்பித்தேன். ஏதாவது உதவி செய்ய வேண்டும்போல் இருந்தது.

"பாத்துக்கடி," என்றார் அத்தான், மிச்சமிருந்த கட்டைவிரலால் கயிற்றை அழுத்திப் பிடித்தபடி. "எல்லாப் பெட்டிக்கும் ஒரே பேரை எழுதிடப் போறான்."

அக்கா என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள்.

"இதுல உன் சாமான் எதுவும் இல்ல. உன் துணியெல்லாம் வாசல்ல மூட்டையாக் கட்டி வெச்சிருக்கேன். தூக்க முடியுதா பாரு."

வாசலுக்குப் போனேன். பெரிய மூட்டைதான். குனிந்தேன். இரண்டாம் தடவை தூக்க முடிந்தது.