மேடையில் சொன்னது

இரண்டாம் உலக யுத்தம் இன்னும் முடியாத வருஷம். முத்தையாபுரத்தை ஒட்டி, உப்பளத் தொழிலாளிகளின் பெண்பிள்ளைகள் படித்த சின்னப் பள்ளிக்கூடத்தின் ஓலைக்கூரை ஐப்பசிக் காற்றில் பறந்துபோயிற்று. ஓடு போட நிதி திரட்டும் பொறுப்பை ஜெயபாய் டீச்சர் ஏற்றுக்கொண்டாள். அதே ஜில்லாவில் நாசரேத் ஊர்க்காரி, நன்றாகப் பேசத் தெரிந்தவள். இரண்டு மாதம் கடை கடையாக ஏறி இறங்கியும், "அரிசியே சரியா கிடைக்கல, இதுல பள்ளிக்கூடத்துக்கு எங்க போக" என்ற பதில்தான் கிடைத்தது. கடைசியில் தூத்துக்குடி வியாபாரிகளை அழைத்து, பிள்ளைகளின் பாட்டும் கும்மியுமாக ஒரு விழா நடத்துவது என்று முடிவாயிற்று.

விழா அன்று மாலை, நான்காம் வகுப்புச் செண்பகம் கையில் ஒரு துணிப்பையோடு வந்தாள்.

"புதுப் பாவாடை டீச்சர். அம்ம தச்சுத் தந்தா. பாட்டுக்கு முன்ன மாத்திக்கிடுதேன்."

அவள் உடுத்தியிருந்த பழைய பாவாடை முழங்காலுக்குக் கீழே கிழிந்து, வேறு நிறத் துணியில் ஒட்டுப்போட்டிருந்தது. ஜெயபாய் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாத்தாண்டாம் ளா. இதே இருக்கட்டும்."

பிள்ளை பையை டீச்சரிடம் கொடுத்துவிட்டு வரிசைக்குப் போனாள்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் பலமாக இருந்தது. வசூல் தட்டில் விழுந்ததோ சில்லறை. தலைமை வகித்த அரிசிக்கடை காசிலிங்கம் அண்ணாச்சி கிளம்புவதற்குத் துண்டை உதறித் தோளில் போட்டார். ஜெயபாய் அவசரமாக மேடையேறினாள். செண்பகத்தைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"இந்தக் குழந்தைக்குத் தகப்பன் இல்லை. தாய் உப்பளத்தில் உப்புச் சுமக்கிறாள். இவள் காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்து, பசி மயக்கத்தில் சுருண்டு விழுகிறாள். உடுத்தியிருக்கும் இந்தக் கந்தலை விட்டால் இவளுக்கு வேறு துணி கிடையாது."

முதல் இரண்டும் உண்மை. மற்றவை அந்த நேரத்தில் வாயில் வந்தவை.

கூட்டம் உச்சுக்கொட்டியது. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓடு போடும் செலவு முழுவதும் தன்னுடையது என்றார். அவருக்குச் சளைக்காமல் ஒருவர் மரச்சட்டத்துக்கும் இன்னொருவர் பெஞ்சுகளுக்கும் ஒப்புக்கொண்டார்கள். ஜெயபாய் நினைத்ததைவிட இரண்டு மடங்கு சேர்ந்தது.

எல்லோரும் அவளைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் நின்றிருந்த செண்பகத்தின் தாய் வடிவம்மாள் மேடைக்கு வந்தாள். மகள் பாடுவதைக் கேட்க அரைநாள் கூலியை விட்டு வந்தவள்.

"டீச்சர், பிள்ள கொண்டுவந்த பை எங்க இருக்கு?"

ஜெயபாய் எடுத்துக் கொடுத்தாள். வடிவம்மாள் அதை வாங்கிக்கொண்டாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் செண்பகம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஊரில் பார்த்தவர்கள் எல்லாம் டீச்சரின் கெட்டிக்காரத்தனத்தைப் புகழப் புகழ, ஜெயபாய்க்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் செண்பகத்தின் குடிசைக்குப் போனாள்.

வடிவம்மாள் பாயை விரித்து உட்காரச் சொன்னாள். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். செண்பகம் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"தப்பு எம்மேலதான், வடிவம்மா. மனசுல வச்சுக்கிடாதிய."

"நான் பட்டினி கிடந்திருக்கேன், டீச்சர். எம் பிள்ளைய ஒருநாளும் கஞ்சி குடிக்காம அனுப்புனதில்ல. வழியில பாக்கிறவங்க எல்லாம் அவகிட்ட சாப்ட்டியான்னு கேக்காங்க. நேத்து ஒருத்தி பழைய சேலையைக் கொண்டாந்து போட்டுட்டுப் போறா." குரல் உயரவில்லை. "அம்புட்டுப் பேருக்கு முன்னால பொய் சொன்னிய. தப்புன்னு மட்டும் இங்கன வந்து, எங்கிட்ட தனியா சொல்லுதிய."

ஜெயபாயால் அந்தக் காப்பியைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

தை மாதம் புதுக்கூரைத் திறப்புவிழா நடந்தது. அதே வியாபாரிகள் வந்திருந்தார்கள். ஜெயபாய் வடிவம்மாளுக்கும் சொல்லியனுப்பியிருந்தாள். நன்றி கூற எழுந்தவள், அன்று தான் சொன்னதில் எவை பொய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்; மாற்றுத் துணி இருந்தும் தானே தடுத்ததையும் சொன்னாள். காசிலிங்கம் அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இத இப்ப யாரு கேட்டா" என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார். சுவரோரம் நின்ற வடிவம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை செண்பகம் மறுபடி பள்ளிக்கு வந்து, தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். ஜெயபாய் கணக்கு ஒன்று கேட்டாள். பிள்ளை எழுந்து, தரையைப் பார்த்தபடியே சரியான விடையைச் சொன்னாள். நிமிர்ந்து பார்த்துச் சொல் என்று மற்றப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்கிறவளுக்கு, இவளிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"உக்காரும்மா" என்றாள்.