கன்பூசியஸுக்கு ஒரு கட்டுக் கருவாடு

"அந்தச் சீனாக்காரர் நமக்கு என்ன முறை வேணும்?" என்று அய்யா கேட்டார்.

மீன் காயப்போடும் பந்தலின் காலில் கட்டித் தொங்கவிட்ட நெத்திலிக் கருவாட்டையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். என் சித்தப்பா மகள் லூர்து மேரி அக்காதான் பதில் சொன்னாள்.

"அவரு கன்பூசியஸாம், பெரியப்பா. ரெண்டாயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முந்தி இருந்தவரு. உப்புக்கண்டம் ஒரு கட்டு கொண்டாந்தாப் போதுமாம், ஏழைபாழை பாக்காமப் பாடம் சொல்லுவாராம். இப்பத் தவக்காலம், இறைச்சி ஆகாதுல்ல? அதான் கருவாடு."

நான் சமைந்ததும் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிருந்தது. தம்பியின் சரித்திரப் புத்தகத்தில் அவரைப் படித்தேன். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். தானியக் கிடங்கிலும் மாட்டுக் கொட்டிலிலும் வேலை பார்த்தவர். தன் பேச்சைக் கேட்கும் ராஜாவைத் தேடி நாடு நாடாக அலைந்தார், ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை. கிழவராகி ஊர் திரும்பிப் பாடம் சொன்னார். அவரிடம் படித்தவர்கள் சொல்லிச் சொல்லி, பின்னாளில் சீனாவில் சர்க்கார் வேலைக்கே அவர் பாடத்தில் பரீட்சை என்றாகிவிட்டது.

இதை அக்காவிடம் சொன்னேன். மறுநாளே, எழுதச் சொல்லிக்கொடு என்று கருவாட்டோடு என்னிடம் வந்து நின்றாள். ஈஸ்டர் கழிந்து அவளுக்குக் கல்யாணம். கோவில் பதிவேட்டில் பெருவிரல் வைக்கமாட்டாளாம், பேர்தான் எழுதுவாளாம்.

"ராஜாவே சீந்தாத ஆளு," என்றார் அய்யா. "சரி. அவ கல்யாணத்தன்னைக்குப் பேரை எழுதிட்டா நீ இங்கன பள்ளிக்கூடமே நடத்து. எழுதலேன்னா பந்தல் மீனுக்கு மட்டுந்தான்."

அக்கா தினமும் ஈர மணலில் விரலால் எழுதினாள். அழுத்தி எழுதுவாள், கடலுக்கே கேட்கும்படி எழுதுகிறாள் என்று நான் கேலி செய்வேன். ஈஸ்டருக்குள் கண்ணை மூடிக்கொண்டே எழுதினாள்.

கல்யாணப் பூசை முடிந்து, கோவிலின் பின்னறையில் சாமியார் அவளிடம் பேனாவை நீட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. வீட்டிலிருந்த ஒரே பேனாவைத் தம்பி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விடுவான். அக்கா பேனா பிடித்ததே இல்லை.

மணலில் அழுத்துவதுபோல் அழுத்தினாள். பேனா முள் விரிந்து மை சிந்தியது.

"பரவாயில்ல தாயி, விரலையே வச்சிரு," என்று சாமியார் மைப்பெட்டியைத் தள்ளினார். அய்யா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். ஆள்காட்டி விரலை மையில் தோய்த்தாள். மூன்று வரி இடத்தை அடைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக, லூர்து மேரி என்று எழுதினாள்.

"விரலைத்தான வைக்கச் சொன்னீங்க, சாமி?" என்றாள்.

சாமியார் வயிறு குலுங்கச் சிரித்தார். மாப்பிள்ளை, பந்தயத்தில் தன் படகு முந்திவிட்டதுபோல் எல்லாரையும் பார்த்தான். வாசலில் நின்ற பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்தது சாட்சி. அய்யா அந்தப் பெரிய எழுத்துகளுக்குக் கீழே தன் பெருவிரலைப் பதித்தார். பிறகு வெகுநேரம் அந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் பந்தலில் பெண்கள் காத்திருந்தார்கள். ஆளுக்கொரு கருவாட்டுக் கட்டு. நான் மணலை நனைத்துக்கொண்டிருந்தபோது அய்யா வந்தார். தவக்காலம் முடிந்திருந்தது. மடியிலிருந்து ஒரு கட்டு உப்புக்கண்டத்தை எடுத்து, பந்தல் காலில் எல்லாக் கருவாட்டுக்கும் மேலே கட்டினார். துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போனார்.