அவள் கை தட்டவில்லை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. சாப்பாட்டு மேசையில் என் மனைவி பொரிந்து தள்ளியதை அப்படியே சுருட்டிக்கொண்டேன். அவள் டாக்டர். முதலில் நோயாளிகளைப் பார்த்தாள். பிறகு மாணவர்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்தாள். இப்போது சொல்லிக்கொடுப்பவர்களுக்கே சொல்லிக்கொடுக்கிறாள். துறையைக் கட்டி மேய்ப்பது எப்படி என்று பேராசிரியர்களுக்குப் பயிற்சி. முதல் பாடம், கத்தாமல் பேசுவது. (வீட்டில் அதற்கு ஒத்திகை கிடையாது.)

2

"வெள்ளைக் கோட்டு அணிந்த அந்தப் பெண்மணி ஜன்னலோரம் நின்று வானத்தை…"

வேண்டாம். அவள் ஜன்னலோரம் நின்றால் வானத்தையா பார்ப்பாள்? கண்ணாடியை ஏன் துடைக்கவில்லை என்று என்னைக் கேட்பாள்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். அவள் பயிற்சியில் நடிப்பு உண்டு. ஒருவர் துறைத் தலைவர், இன்னொருவர் முறைத்துக்கொண்ட ஜூனியர். வாய்க்கு வந்தபடி பேசலாம். முடிந்ததும் அவள் ஒரு முறை கை தட்டுவாள். தட்டிவிட்டால் அதுவரை பேசியதெல்லாம் நடிப்பு, யாரும் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. சட்டம் அவள் போட்டதுதான்.

3

அன்றைய பாடம், பதவிக்குத் தயங்குபவரைச் சம்மதிக்க வைப்பது. தயங்குபவராக நடிக்க யாரும் எழாததால் அவளே உட்கார்ந்தாள். (அதில் நடிக்க என்ன இருக்கிறது? ஓய்வு பெறப்போகும் கல்லூரி முதல்வர், தன் நாற்காலிக்கு வரச்சொல்லி மாதக்கணக்கில் கெஞ்சுகிறார். இவள் மழுப்பிக்கொண்டிருக்கிறாள்.) எதிரே அறுவைச் சிகிச்சைத் துறைத் தலைவர், வாயைத் திறந்தால் உறுமுகிற மனிதர்.

"உங்களுக்கு என்ன பயம் மேடம்?" என்று கேட்டுவிட்டு, அவள் கற்றுத்தந்தபடியே வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"அந்த நாற்காலியில உட்கார்ந்தா யாரும் என்கிட்ட உண்மையைப் பேச மாட்டாங்க. எல்லாரும் 'சரிங்க மேடம்'னுட்டுப் போயிடுவாங்க."

"முன்னாடி என் ஜூனியருங்க என்கிட்ட வாயே திறக்க மாட்டாங்க. இப்ப ஆபரேஷன் நடுவுலயே 'சார், நிறுத்துங்க'ங்கிறாங்க. உங்களாலதான். நான் உங்ககிட்ட பேசுவேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "சரி, ஏத்துக்கிறேன்" என்றாள்.

கடைசி வரிசையிலிருந்த முதல்வர் துள்ளி எழுந்து வந்து கை குலுக்கினார். மாலைக்குள் கல்லூரி முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

4

"நடிப்புங்க அது! சொன்னா, 'நீங்க கை தட்டலையே டாக்டர்'ங்கிறார் அந்த முதல்வர்!" என்று அன்றிரவு சாப்பாட்டு மேசையில் பொரிந்தாள்.

"ஏன் தட்டலை?"

"மறந்துட்டேன்."

[மறதியா, அவளுக்கா? இந்த வரியை அடித்துவிட வேண்டும்.]

5

முடிவு அ: பதவியேற்கிறாள். முடிவு ஆ: மறுத்துவிட்டு நிம்மதியாக…

இந்த வரியை எழுதும்போது அவள் என் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். பயிற்சியில் கேட்பது போலவே கேட்டாள்.

"இதுல எது நல்லா வந்திருக்கு? நீங்களே சொல்லுங்க."

முதல் வரியிலிருந்து மறுபடி தேடிப் பார்த்தேன்.

"சரி, எதை மாத்தணும்?"

"முடிவை."

"அது உங்க வேலை இல்லை." பிறகு, கத்தாமல், "ஆசையாவும் இருக்குங்க. பயமாவும் இருக்கு" என்றாள். அந்த நிமிடம் அவள் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது.

6

நாளை பயிற்சியின் கடைசி நாள். அதே அறை, அதே ஆட்கள். அவள் ஒரே ஒரு தடவை கை தட்டிவிட்டால் எல்லாவற்றையும் நடிப்பென்று விட்டுவிடுவதாக முதல்வர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஆகவே வாசகரே, முடிவு உங்கள் கையில். கதை பிடித்திருந்தால் சிரியுங்கள், நாலு பேரிடம் சொல்லுங்கள். கை மட்டும் தட்டிவிடாதீர்கள். அவள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள்.