பாப்பாகிட்டச் சொல்லியாச்சு

சுகந்தி பனியன்களில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். தையல் ஓரங்களில் தொங்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கி, மடித்து, அடுக்க வேண்டும். கை அது பாட்டுக்கு வேலை செய்யும். கண் மட்டும் பாப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாப்பாவுக்குக் கடைவாயில் கடைசிப் பால்பல் வெள்ளையாகத் தலை காட்டியிருந்தது.

கருக்கம்பாளையத்தில் குழந்தைகள் பிறக்கும்போது பேச்சும் கூடவே பிறப்பதில்லை. அது வெளியூரில் எங்கேயாவது இருக்கும். பெற்றவர்கள் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும். பக்கத்து வீட்டு மரகதம் தன் மகனுடையதை வெள்ளகோவில் சந்தையில் கண்டுபிடித்தாள். அவன் முதன்முதலில் பேசியது ஆட்டு விலை. தபால்காரர் மகளுடையது பாலக்காட்டில் கிடைத்தது. அது மலையாளமாக இருந்தது. இருந்தால் இருக்கட்டும் என்று கூட்டி வந்துவிட்டார்கள்.

பால்பல் எல்லாம் முளைத்து முடிவதற்குள் கூட்டி வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் உள்ளே நுழைய இடமிருக்காது. எடைமேடை ராசுவுக்கு அப்படித்தான் ஆனது. அவனுடைய பேச்சு தாமதமாக வந்தது. வாய் அடைத்திருக்கவே, வந்ததற்குக் காதுக்குள் போய்க் குடியேறிவிட்டது. அவன் பேசுவது அவனுக்கு மட்டும்தான் கேட்கும். லாரிகள் ஏறி இறங்கும் எடைமேடையில் தனியாக உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பான்.

பேச்சைத் தேடிப் பஸ்ஸில் போக முடியாது, பைக்கிலும் போக முடியாது. வழிப்போக்கர்களிடம் பேச்சு வராது. ஒரு வீட்டைப் பார்த்தால்தான், இது நம்முடையதா என்று கிட்டே வந்து பார்க்கும். அதனால் வீட்டோடு போக வேண்டும். வீட்டோடு போவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. அந்த இரண்டில் எது என்பதில்தான் சுகந்தியின் குடும்பம் சிக்கிக்கொண்டது.

சிக்கியதற்குக் காரணம் இதுதான். சுகந்திக்கும் அவள் வீட்டுக்காரர் பூபதிக்கும் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசக் கூச்சம். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். பாப்பா பிறந்த பிறகு சுவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. பாப்பா, அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு என்பாள் சுகந்தி. பாப்பா, அம்மாவை உப்புக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு என்பார் பூபதி. சாப்பாடு, உப்பு மாதிரிச் சின்ன விஷயங்களைக் காதில் விழுந்ததை வைத்தே நடத்திக்கொண்டார்கள். ஆனால் காதில் விழுந்தது வேறு, சொல்லப்பட்டது வேறு. பெரிய விஷயம் என்றால் பாப்பா வந்து சொல்ல வேண்டும். அதுதான் முறை. பாப்பாவுக்கோ இன்னும் பேச்சு வரவில்லை. இரண்டு பேரும் சொன்னதெல்லாம் அவளுக்குள் வரிசையாக அடுக்கியிருந்தது.

பஸ்ஸுக்கும் லாரிக்கும் கூடு கட்டுகிற பட்டறையில் சென்னியப்பன் அவர்களுக்கு ஸ்டூல் போட்டார். பேச்சுத் தேடிப் போகிறவர்களுக்கு வண்டி கட்டித் தருவதும் அவர்தான். பாப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கடைவாய்ப் பல்லை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, சீக்கிரம் கிளம்பிடுங்க என்றார்.

அவர் காட்டிய முதல் வண்டி மோட்டார் வீடு. பஸ் மாதிரி இருந்தது. ஸ்டியரிங்கும் அடுப்பும் ஒரே கூரைக்குக் கீழே. ஓட்டுகிறவர் வீட்டுக்குள்தான் இருப்பார். பிரேக்கை அழுத்தினால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் தக்காளி வாங்கப் போனாலும் வீட்டை ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டும், முடி வெட்டப் போனாலும் வீடு கூடவே வந்து கடை வாசலில் நிற்கும்.

இரண்டாவது கேரவன். சினிமாக்காரர்கள் கேரவன் என்று சொல்வது கேரவனே இல்லை என்று சென்னியப்பன் தனியாகச் சொன்னார். இதில் வீடு மட்டும்தான் இருக்கும். இழுக்க முன்னால் ஒரு ஜீப் வேண்டும். நல்ல இடமாகப் பார்த்து வீட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஜீப்பில் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம். ஆனால் ஓடும்போது வீட்டுக்குள் யாரும் இருக்கக் கூடாது. ரிவர்ஸ் எடுப்பதும் லேசில்லை. சோத்தாங்கைப் பக்கம் திருப்பினால் வீடு பீச்சாங்கைப் பக்கம் போகும்.

"எதுங்க வேணும்?" என்றார்.

பூபதி குனிந்து, பாப்பா, அம்மாவைக் கேளு என்றார். சுகந்தியும் குனிந்தாள். பாப்பாவின் ஒரு காதில் தன் எண்ணத்தைச் சொன்னாள். அந்தச் சமயம் பூபதியும் இன்னொரு காதில் தன்னுடையதைச் சொல்லிவிட்டார். பாப்பா இரண்டையும் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

சென்னியப்பன் காத்திருந்தார். டீ வந்தது. குடித்தார்கள். பட்டறையில் யாரோ தகரம் அடிக்கும் சத்தம் நின்று மறுபடியும் தொடங்கியது.

"என்னங்க சொல்றாங்க?"

"பாப்பாகிட்டச் சொல்லியாச்சுங்க," என்றார் பூபதி.

சென்னியப்பன் தலையசைத்தார். பாப்பா சொன்னால்தான் எந்த வண்டி என்று தெரியும். வண்டி எடுத்துப் போனால்தான் பாப்பா சொல்லுவாள். இப்படி வருகிறவர்கள் உண்டு என்றார். இரண்டையும் கொண்டு போங்கள், முன்னால் இருப்பதில் பின்னால் இருப்பதைக் கொக்கி போட்டுத் தருகிறேன், ஜீப்பும் தேவைப்படாது, பாப்பா பேசியதும் வேண்டாததைத் திருப்பிவிடுங்கள் என்றார். கொக்கியை மாட்டி, சங்கிலி போட்டு, இழுத்துப் பார்த்தார். அப்புறம் ஏதோ யோசனை வந்தவர் போலப் பூபதியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரெண்டு வீடு வெச்சுட்டுப் போனா பேச்சு வந்துருமுங்க."

"அதுக்குத்தானுங்க போறோம்," என்றார் பூபதி.

காங்கேயம் வழியாகப் போனார்கள். ஒரு வீடு இன்னொரு வீட்டை இழுத்துக்கொண்டு போயிற்று. மூன்று பேரும் முன்வீட்டில் இருந்தார்கள். சுகந்தி பனியன் மூட்டைகளைக் கூடவே கொண்டுவந்திருந்தாள். பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம் என்று பெரிய வாசல் இருக்கும் இடங்களில் நிறுத்தினார்கள். நிறுத்தியதும் பேச்சுகள் வந்து பார்த்தன. யார் யாருடைய பேச்சோ. ஒன்று ஜன்னல் வரைக்கும் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, இது எங்க வீடில்லை என்று போய்விட்டது. இன்னொன்று ரொம்பக் கெட்ட வார்த்தையாக இருந்தது. சுகந்தி பாப்பாவின் காதைப் பொத்தினாள்.

அவர்களுடைய பேச்சு மட்டும் வரவில்லை. தினமும் காலையில் சுகந்தி பாப்பாவின் வாயில் விரலை விட்டுப் பார்த்தாள். பல் முந்தின நாளைவிட ஏறியிருந்தது. எடைமேடை ராசு தலையாட்டுவது நினைவுக்கு வந்தால் கத்தரி நூலை விட்டுத் துணியைக் கவ்வியது. பாப்பா, அப்பாவை வெரசா ஓட்டச் சொல்லு என்றாள். பூபதி வேகமாக ஓட்டினார். வேகமாகப் போனால் பேச்சால் எட்டிப்பிடிக்க முடியாதோ என்று தோன்றி, பாப்பா, அப்பாவை மெதுவா ஓட்டச் சொல்லு என்றாள். மெதுவாக ஓட்டினார்.

அது போதாதென்று அவளுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. நாள் முழுக்க அவர் வீட்டிலேயே இருந்தார். முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தார் என்றாலும் இருந்தார். சாப்பிடும்போது அவள் பின்பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்ஜன்னல் வழியாகக் கேரவன் அவளையே பார்த்தபடி வந்தது.

உடுமலையில் தக்காளி வாங்கக் கடைவீதிக்குள் இரண்டு வீட்டோடும் நுழைந்தார்கள். திரும்ப வழியில்லை. ரிவர்ஸ் எடுத்ததில் பெரிய வீடு ஒரு பக்கமும் சின்ன வீடு மறுபக்கமும் போய் வீதியை அடைத்துக்கொண்டன. கூட்டம் கூடியது. பழக்கடைக்காரர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பெரிய வீட்டையும் சின்ன வீட்டையும் ஒண்ணாவே கூட்டிட்டு வந்திருக்கறான் பாரு. தெகிரியந்தான்."

அங்கேதான் தொடங்கியது. அவர்கள் உடுமலையை விட்டுக் கிளம்புவதற்குள் பேச்சு அவர்களுக்கு முன்னாலேயே கிளம்பி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. மடத்துக்குளத்தில் பொதுக் குழாயில் சுகந்தி தண்ணீருக்குக் காத்திருந்தபோது, குடத்தை இடுப்பில் வைத்த அம்மா ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். சுகந்தியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, சின்ன வீடு எப்படி?"

"அடுப்புத்தான் சின்னதுங்க. மத்தபடி காத்தோட்டமா இருக்குதுங்க."

"நீயே கூட்டறயா?"

"தினமும் நாந்தானுங்க கூட்டறேன். வெளக்குமாறு ஒண்ணுதானுங்க, ரெண்டுக்கும்."

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் குடத்துக்கு முன்னால் சுகந்தியின் குடத்தை வைத்து நிறைத்துக் கொடுத்தாள். ஒரு கை கறிவேப்பிலையும் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் பேச்சு இருந்தது. டீக்கடையில் இருந்தது, பஸ் நிறுத்தத்தில் இருந்தது. பழனி போகும் ரோட்டில் நிறைய நடந்து வந்தது. ஆண் பேச்சு, பெண் பேச்சு, பாதிப் பேச்சு, கை காட்டிப் பேசுகிற பேச்சு. எல்லாம் சின்ன வீட்டைப் பார்ப்பதற்காக வந்தவை. இப்படிக் கூட்டமாக வரும்போது அவற்றோடு கோத்துக்கொண்டு சின்னதாக ஒன்றும் வந்திருக்கிறது. பெரிய வீட்டில் எப்போதும் ஆட்கள் இருந்ததால் அதுவரைக்கும் அது கூச்சப்பட்டுக்கொண்டு கிட்டே வராமல் இருந்ததாம். பிற்பாடு அதுவே சொன்னது.

விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் கேரவனுக்குள்ளிருந்து யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது. பூபதி ஓரம் கட்டினார். சுகந்தி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நடந்துகொண்டே வாயில் விரலை விட்டுப் பார்த்தாள். பல் ஏறக்குறைய மற்றப் பல்லோடு சமமாகிவிட்டது. ஒரு கடுகு அளவு இடம் இருந்தது. கேரவனின் கதவைத் திறந்து பாப்பாவைப் படியில் விட்டாள். வாயைத் தொறந்துக்க கண்ணு என்றாள். பாப்பா வாயைத் திறந்தபடி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

சுகந்தியும் பூபதியும் ரோட்டோரத்தில் நின்றார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் பாப்பா இல்லாததால் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு லாரி போயிற்று. அதன் காற்றில் சுகந்தியின் புடவை பூபதியின் மேல் பட்டது. அவள் இழுத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. பாப்பா படியில் நின்று அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, வெந்நி காஞ்சிருச்சாம். அம்மா சொல்லச் சொன்னாங்க."

பாப்பா பிறந்த வாரத்தில் சொன்னது அது. பூபதி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

பாப்பா வரிசை தப்பாமல் சொன்னாள். சொல்லப்பட்டதை எல்லாம் பூபதி செய்தார். சீரகம் வாங்கிவரச் சொன்னதற்குச் சீரகம் வாங்கி வந்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னதற்கு மரகதத்துக்கு போன் போட்டு, வீட்டுக்குள் போய் நிறுத்தச் சொன்னார். அது ஓடவில்லை என்று மரகதம் சொன்னதும், போட்டு நிறுத்தச் சொன்னார். சுகந்தியும் தன் பங்குக்கு, போன வருஷத்துச் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், உப்பைக் குறைத்தாள், குறைத்த உப்பைக் கூட்டினாள். அவர்கள் இருவருக்குள்ளும் இவ்வளவு பேச்சு இருந்தது என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

வரிசையில் பட்டறையில் சொன்னதற்குப் பாப்பா வந்தபோது சாயங்காலமாகியிருந்தது.

"அப்பா, அம்மாவுக்குக் கேரவன்தான் வேணுமாம். மோட்டார் வீடுன்னா நீங்க எந்நேரமும் வீட்டுலயே இருப்பீங்களாம். அவங்களுக்கு வெக்கமா இருக்குமாம்."

பூபதி தரையைப் பார்த்தார். பாப்பா அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அப்பாவுக்கு மோட்டார் வீடுதான் வேணுமாம். ஜீப்புல தனியாப் போனா கத்தரிச் சத்தம் கேக்காதாம்."

சுகந்தியும் தரையைப் பார்த்தாள். இரண்டு சொல்லும் முறையாகச் சொல்லப்பட்டுவிட்டன. சொல்லப்பட்டால் செய்தாக வேண்டும். கேரவனையும் திருப்ப முடியாது, மோட்டார் வீட்டையும் திருப்ப முடியாது. பூபதி சென்னியப்பனுக்கு போன் போட்டு விவரம் சொன்னார். அப்ப ரெண்டும் உங்க வீடுதானுங்க என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

வண்டியை ஊர்ப்பக்கம் திருப்பினார்கள். சுகந்தி ஒரு மூட்டையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடைவாய்ப் பல் முழுதாக முளைத்துவிட்டது. அதைப் பற்றி இனிக் கவலை இல்லை. சொல்லி வைத்தவை எல்லாம் தாராபுரம் தாண்டியதும் தீர்ந்தன. ஆனால் பாப்பா நிறுத்தவில்லை. இனிமேல் சொல்லப்போவதைத் தொடங்கினாள்.

அப்பா, ஞாயித்துக்கெழமை கத்திரிக்கா வாங்கவேண்டாமாம், சொத்தையா இருக்குமாம். அப்பா, ஆடி மாசத்துல அம்மாவுக்கு மாங்கா வேணுமாம், எங்கயும் கெடைக்காதாம், இருந்தாலும் தேடணுமாம். பூபதி சரி என்று தலையசைத்து ஓட்டினார். சுகந்தி வெட்டிய பனியனை மடித்து, அடுத்ததை எடுத்தாள்.

பாப்பா மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததற்கு வந்தாள். இது அப்பா அம்மாவுக்குச் சொல்லப்போவதாம். ஆனால் இதைப் பாப்பாவிடம் சொல்லமாட்டாராம். பாப்பா பக்கத்திலேயே இருக்கும்போது அவளைத் தாண்டி நேராகவே சொல்லிவிடுவாராம். வண்டியை ஒரு வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே, முதலில் பேரை மட்டும்

"சுகந்தி," என்று முன்னாலிருந்து கேட்டது.

வண்டி நின்றிருந்தது. வர்றனுங்க என்று அவளும் நேராகவே சொல்லி, மடியிலிருந்த நூலை உதறிவிட்டு எழுந்தாள். பாப்பா விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். அப்புறம் அம்மா எழுந்து போவாளாம், போய்ப் பக்கத்து சீட்டில் உட்காருவாளாம், உட்கார்ந்ததும் அப்பா