பம்மல் கையுறை

ரஷ்யக் குளிருக்குப் பம்மலில் கையுறை தைக்கிறார்கள் என்றால் கேட்பவர் சிரிப்பார். சாம்பசிவனின் பட்டறையில் பன்னிரண்டு பெண்கள் பத்து வருடமாக அதைத்தான் செய்தார்கள், மே மாத வெயிலிலும் ரோமம் வைத்த தோலை மடியில் போட்டுக்கொண்டு. பன்னிரண்டில் மூத்தவள் பியூலா. செக்கிங் அவள் பொறுப்பு. தைத்து முடித்த கையுறையின் உள்துணியில் பேனாவால் குறி போடுவாள்: இடது கைக்குக் கூடாரம் மாதிரி ஒன்று, வலது கைக்கு வாசற்கால் மாதிரி ஒன்று. ரஷ்யாக்காரர்கள் சொல்லிக்கொடுத்த எழுத்துகள்.

ரஷ்யா பக்கத்து நாட்டோடு சண்டைக்குப் போனதும், ஐரோப்பா அதற்குக் கதவைச் சாத்தியது. சாம்பசிவன் அசரவில்லை. நடுவில் ஒரு நாட்டைப் பிடித்து, அது வழியாகச் சரக்கைத் தள்ளிவிட்டார். நாலு பேர் சாத்தினால் சுற்றிப் போகலாம். ஊரே கூடிச் சாத்தினால் எங்கே போவது? அந்த நடு நாட்டு வங்கிகளும் மற்றவர்களோடு சேர்ந்துகொள்ள, தீபாவளியோடு ரஷ்ய ஆர்டர் படுத்துவிட்டது.

நாயாய் அலைந்து ஒரு போலந்து கம்பெனியைப் பிடித்தார். மூன்று வருடமாக ரஷ்யாவுக்கு எதுவும் விற்கவில்லை என்று எழுதித் தரச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பட்டறையில் யாரிடமும் மூச்சு விடவில்லை, மகானுபாவர்.

சாம்பிள் பார்க்க அந்தக் கம்பெனியின் ஆள் பிரணவ் வந்தான். ஒரு கையுறையை உள்வெளியாகத் திருப்பியவன் அப்படியே நின்றான்.

“இது என்னம்மா?”

“லெஃப்ட்டு சார். அது ரைட்டு. ரஷ்யாக்காரங்க சொல்லிக் குடுத்தது,” என்றாள் பியூலா பெருமையாக.

“அவங்களுக்கு எப்ப வரைக்கும் அனுப்பினீங்க?”

“போன தீவாளி வரிக்கும் அனுப்பிகினுதான சார் இருந்தோம்!”

சாம்பசிவனின் முகம் வெளுத்தது. பிரணவ் கையுறையை மேஜைமேல் வைத்துவிட்டு, மரியாதையாகவே விடைபெற்றான். ஆர்டரும் அவனோடு போயிற்று.

விஷயம் தெரிந்ததும் பியூலாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“உம்மேல தப்பில்ல. நான்தான் சொல்லியிருக்கணும்,” என்றார் சாம்பசிவன். “பைக் ஓட்டுறவங்க போடுற கிளவுஸ் கொஞ்சம் கேக்குறாங்க. நாலு பேருக்குத்தான் வேலை வரும். யாருன்னு நீயே சொல்லு.”

பேபி என்றாள். கிறிஸ்டினா என்றாள். இன்னும் இரண்டு பெயர் சொன்னாள்.

“அப்போ நீ?”

“மீதி ஏழு பேராண்ட நானே சொல்லிக்கிறேண்ணா. என் வாயாலதான போச்சு,” என்று எழுந்தாள்.