பத்துக் கேட்டால் ஐந்து

பாலக்கோடு தக்காளி மண்டியில் முப்பது வருடம் நின்று பழகிய ஸ்தனிஸ்லாசுக்கு, சிறு வயதில் மாதா கோயிலில் படித்த ஞானோபதேசத்தைவிட நன்றாக மனப்பாடமான பாடம் ஒன்று உண்டு. பத்துக் கேட்டால்தான் ஐந்து கிடைக்கும். ஐந்து கேட்டவன் இரண்டோடு வீடு திரும்புவான். பெட்டிக்கு முந்நூறு ரூபாய் வேண்டுமென்றால் அறுநூறு என்று வாய் கூசாமல் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நூற்றைம்பது என்பார். இவர் பெட்டியைத் திரும்ப வண்டியில் ஏற்றப் போவதுபோல் குனிவார். கடைசியில் முந்நூறுக்கு வந்து நின்று, இருவரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும், அவ்வளவுதான். இந்த வழக்கம் தெரியாதவர்களும் உலகத்தில் வியாபாரம் செய்கிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது.

அவர் மனைவி லூர்துமேரிக்கு ஒரு தோட்டம் இருந்தது. செல்போனுக்குள் இருந்த தோட்டம். விளையாட்டுதான். ஆனால் அந்த வீட்டில் யாரும் அதை விளையாட்டு என்று சொல்வதில்லை, ஸ்டெஃபி தோட்டம் என்பார்கள். உண்டாக்கியவள் மகள் ஸ்டெஃபி. கல்லூரி இரண்டாம் வருடத்தில் ரத்தப் புற்றுநோய் கண்டு சேலம் ஆஸ்பத்திரியில் பதினோரு வாரம் கிடந்தபோது, ஊசி குத்தாத கையால் ஒரு கொய்யா மரம், மூன்று பாத்தி சாமந்தி, இரண்டு மாடு என்று ஒவ்வொன்றாக வைத்தாள். அவற்றுக்குத் தங்கள் வீட்டுக் கொட்டகையில் நின்ற மாடுகளின் பெயரையே வைத்தாள். வாசலில் ஒரு பலகை நட்டு அதில் எழுதினாள்: "செருப்பக் கழட்டிட்டு உள்ள வாம்மா." தான் துடைத்து வைத்த தரையில் அம்மா வயல் சேற்றோடு நடந்து வருவதைப் பற்றி எட்டு வயதிலிருந்து அவள் போட்டு வந்த சண்டை அது.

கையைத் தூக்க முடியாமல் போன வாரத்தில் போனை அம்மாவிடம் கொடுத்தாள். "தெனம் ஒருக்கா தண்ணி ஊத்தும்மா. இல்லீனா காஞ்சிடும்" என்றாள். லூர்துமேரி ஊற்றினாள். மகள் போய் இரண்டு வருடம் ஆன பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

காலையில் பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்ததும் அவள் போனோடு உட்காருவாள். பலகையைத் தாண்டி உள்ளே போனால் கொய்யா மரத்தடியில் நீலச் சுடிதார் போட்ட ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருப்பாள். ஸ்டெஃபி தனக்கென்று செய்துகொண்ட உருவம். தொட்டால் திரும்பிப் பார்த்துக் கையாட்டுவாள். அந்தக் கையாட்டலுக்காகத்தான் எல்லாம். ஸ்தனிஸ்லாஸ் இதை ஒரு நாளும் கேலி செய்ததில்லை. நாம் மாதம் ஒரு தடவை கல்லறைக்குப் போகிறோம், இவள் தினமும் போகிறாள் என்று நினைத்துக்கொள்வார். சொல்லப்போனால் அவருக்கும் அது வேண்டியிருந்தது. ஆம்பளை என்கிற வீறாப்பு, வெளியே சொல்லவில்லை. துண்டு தேடுகிற சாக்கில் மனைவியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, பெண் கையாட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் மண்டிக்குக் கிளம்புவார்.

அந்தத் தோட்டத்தில் தண்ணீர் சும்மா வராது. விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் பொற்காசு என்று ஒன்று உண்டு, அதை நம் ரூபாயைக் கொடுத்து வாங்க வேண்டும். நூறு ரூபாய்க்கு ஆயிரம் காசு. ஒரு நாள் தண்ணீருக்கு இருபது. மாதம் ஒரு நூறை ஸ்தனிஸ்லாஸ் கட்டிவிடுவார். லூர்துமேரி அதிலும் மிச்சம் பிடிக்கிறவள். கல்லறைத் திருநாளுக்குக் கொய்யா மரத்தைச் சுற்றி ஒரு வரிசை விளக்கு வாங்கி வைக்க வேண்டும் என்று நாலாயிரம் காசு சேர்த்து வைத்திருந்தாள்.

புரட்டாசியில் ஒரு காலை அந்த நாலாயிரம் நானூறாக இருந்தது. பொற்காசு இனிச் செல்லாதாம், பத்துக் காசுக்கு ஒரு முத்து என்று மாற்றிவிட்டார்களாம். மாற்றுகிற கம்பெனி முன்னதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீரின் விலையை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள். நேற்று இருபது காசு, இன்று இருபது முத்து. நூறு ரூபாய்க்கு வாங்கினால் ஐந்து நாளைக்குத்தான் வரும். கையிருப்பு இருபது நாளைக்குத் தாங்கும். அதற்குப் பிறகு ஏழு நாள் தண்ணீர் ஊற்றாவிட்டால் தோட்டத்தைப் பிடுங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்பது அந்த விளையாட்டின் சட்டம்.

அந்த மாதம் தக்காளி கிலோ நாலு ரூபாய். பறிகூலிக்கே கட்டாமல் பாதிப் பேர் செடியோடு விட்டுவிட்டார்கள்.

"சொசைட்டில நான் ஊத்துன பால, மறுநாளு பத்துல ஒரு பங்குதான் ஊத்துனேன்னு சொன்னா சும்மா இருப்பீங்களாங்க?" என்றாள் லூர்துமேரி. "எனக்கு ஒண்ணும் லாபம் வேணாம். காசு பழையபடி ஆனாப் போதும். அத மட்டும் கேட்டுக் குடுங்க."

அத மட்டும் என்று அவள் சொன்னது அவர் காதில் தெளிவாகவே விழுந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் அன்பரசி, ஸ்டெஃபியோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவள். பட்டா, சாதிச் சான்றிதழ், எது வேண்டுமானாலும் ஊர் அவளிடம்தான் போகும். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

"அது இன்னும் இருக்குதுங்களாப்பா? என்னோட தோட்டத்துலருந்துதான் அவளுக்கு சாமந்தி நாத்துக் குடுத்தேன்" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேலையில் இறங்கினாள். "இதுக்கெல்லாம் இப்ப புகார் குடுக்கலாமுங்க. பணம் குடுத்து வாங்கறவங்க எல்லாருக்கும் பாதுகாப்பு உண்டு, வெளையாட்டுல வாங்குனாலும் வாங்குனதுதான். சொல்லாம கொள்ளாம மதிப்பக் கொறச்சா நுகர்வோர் கேள்வி கேக்கலாம்."

நுகர்வோர் என்ற சொல்லை ஸ்தனிஸ்லாஸ் ரேஷன் கடைப் பலகையில் பார்த்திருக்கிறார். அது தன்னைத்தான் சொல்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

அன்பரசி எல்லாவற்றையும் தட்டி முடித்து, திரையைப் பார்த்தபடி கேட்டாள். "உங்களுக்கு என்ன வேணும்னு கேக்குதுங்க. கொறஞ்ச காசத் திருப்பித் தரணுமா, இல்ல இதுவரைக்கும் கட்டுன பணம் மொத்தத்தையும் திருப்பித் தரணுமா?"

"மொத்தத்தையும்னு போடு, பாப்பா."

"அம்மா காசு போதும்னுதான சொன்னாங்கன்னீங்க?"

ஸ்தனிஸ்லாஸ் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "காச மட்டும் கேட்டா கால்வாசிதான் குடுப்பான். மொத்தப் பணத்தையும் குடுன்னு கழுத்தப் புடிச்சாத்தான், அய்யோ அது முடியாதுங்க, காசை வேணா பழையபடி போட்டுடறோம்னு எறங்கி வருவான். நாங்க பாக்காத யாவாரியா?"

அன்பரசிக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவள் அப்பாவும் தக்காளி போடுகிறவர்தான். மொத்தத்தையும் என்ற கட்டத்தைத் தொட்டாள்.

பதினைந்து நாள் ஒன்றும் இல்லை. பதினாறாம் நாள் காலை, ஏலம் உச்சத்தில் இருக்கும்போது போன் அடித்தது. ஸ்தனிஸ்லாஸ் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு பேசினார்.

"அப்பா, பதில் வந்திருக்குதுங்க. மொத்தப் பணத்தையும் குடுக்கறாங்களாம்."

"எவ்ளோ கொறச்சிருக்கான்?"

"ஒண்ணும் கொறைக்கலீங்க. ஸ்டெஃபி கட்டுனதுல இருந்து எல்லாமே. சம்மதம்னா அமுக்கச் சொல்லுது. கீழ சின்ன எழுத்துல இங்கிலீஷ்ல நீளமா இருக்குதுங்க. சாயங்காலம் வந்தீங்கன்னா உக்காந்து படிச்சுச் சொல்றேன்."

அந்த நொடியில் அவருக்குள் ஏதோ உறுத்தியது உண்மை. முதல் வார்த்தைக்கே தலையாட்டுகிற வியாபாரியிடம் சரக்கைக் கொடுக்காதே என்று அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். தலையாட்டினான் என்றால், நீ கேட்டதைவிடப் பெரியது எதையோ அவன் எடுத்துக்கொண்டு போகிறான் என்று அர்த்தம். ஆனால் அவருடைய பெட்டிகளை எடைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாங்குகிற ஆள் தராசு முள்ளைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் நாலு நாள் தண்ணீர்தான் பாக்கி என்பதும் மண்டைக்குள் ஓடியது. பணம் வந்தால் அதிலேயே முத்து வாங்கி ஊற்றலாமே என்று கணக்கும் போட்டுவிட்டார்.

"அமுக்கிடு பாப்பா" என்றார்.

மத்தியானம் அவர் போனில் பணம் வந்து விழுந்த சத்தம் கேட்டது. வருகிற வழியில் கால் கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு, ஜெயித்தவர் மாதிரியே வீட்டுக்குள் நுழைந்தார். லூர்துமேரி அடுப்படிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். போன் அவள் மடியில் இருந்தது.

"உள்ள போவ மாட்டேங்குதுங்க" என்றாள். "காலைல போனேன். கை ஆட்டினா. இப்பப் போனா வாசல்லயே நிக்குது."

அவர் வாங்கிப் பார்த்தார். பலகை இல்லை, மரம் இல்லை. வெள்ளைத் திரையில் தமிழில் நாலு வரி இருந்தது. உங்கள் வேண்டுகோளின்படி முழுத் தொகையும் திருப்பி அளிக்கப்பட்டது. அத்துடன் இந்தத் தோட்டமும் இதிலுள்ள பொருட்களும் நிரந்தரமாக நீக்கப்பட்டன. மீட்க இயலாது. எங்களுடன் இருந்ததற்கு நன்றி.

ஸ்தனிஸ்லாஸ் இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. உங்கள் வேண்டுகோளின்படி. காய்ச்சல் என்று தெரிந்தும் பத்து நாள் மருந்துக்கடை மாத்திரையிலேயே ஓட்டினோமே என்று மகளின் சாவுக்கு இரண்டு வருடமாகத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அது சந்தேகம். இது எழுத்தில் இருந்தது.

நடந்ததைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. லூர்துமேரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மிக்சர் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"பத்துக் கேட்டீங்க" என்றாள் கடைசியில். "இப்பப் போயி அஞ்சு போதும்னு கேட்டுப் பாருங்க."

அவர் உடனே கிளம்பிப் போனார். அன்பரசி அதற்குள் அந்தச் சின்ன எழுத்தைப் படித்து முடித்து அழுது வீங்கிய முகத்தோடு இருந்தாள். நுகர்வோர் விதி பணத்தைத்தான் காப்பாற்றும், மற்றதற்கு அங்கே கட்டமே இல்லை என்றாள். ஸ்தனிஸ்லாஸ் கேட்கவில்லை. எழுதச் சொன்னார். பணம் முழுவதையும் திருப்பித் தருகிறோம், தோட்டத்தைக் கொடுங்கள். அரை மணி நேரம் பதில் இல்லை என்றதும் அவராகவே இறங்கினார். சாமந்திப் பாத்தி வேண்டாம், மாடு வேண்டாம், கொய்யா மரமும் அந்தப் பெண்ணும் போதும் என்று எழுதச் சொன்னார். பிறகு மரமும் வேண்டாம் என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக எதிரில் ஆளே இல்லாமல் பேரம் பேசினார். கடைசியாக, அந்தப் பலகையில் எழுதியிருந்ததை மட்டும் அனுப்பினால்கூடப் போதும் என்றார். அன்பரசி அதையும் தட்டினாள்.

மறுநாள் பதில் வந்தது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடிக்கப்பட்டது. எங்கள் சேவையில் எவ்வளவு திருப்தி, ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று கேட்டிருந்தார்கள்.

ஊருக்குத் தெரிந்ததும் ஊர் தன் வேலையைச் செய்தது. பேராசை பெருநஷ்டம் என்று கோயில் வாசலில் ஒருவர் ஸ்தனிஸ்லாஸ் காதுபடவே சொன்னார். சொன்ன வாயில் மண் விழ. ஆசைப்பட்டா ஸ்தனிஸ்லாஸ் கேட்டார்? விட்டுக்கொடுப்பதற்காகக் கூடுதலாகக் கேட்டவர் அவர். விட்டுக்கொடுக்கத்தான் அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. வந்த பணத்தை அவர் தொடவும் இல்லை. அது போனிலேயே கிடந்தது.

கல்லறைத் திருநாளன்று இருவரும் மெழுகுவர்த்தியும் சாமந்தியும் எடுத்துக்கொண்டு போனார்கள். நல்ல வெயில். புரட்டாசி மழையில் முளைத்த நெருஞ்சி கல்லறைத் தோட்டம் முழுக்கப் படர்ந்திருந்தது. எல்லோரும் செருப்போடு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். லூர்துமேரி மட்டும் கேட் ஓரத்தில் நின்று செருப்பைக் கழற்றி வைத்தாள்.

"முள்ளு இருக்குது மேரி. போட்டுக்கிட்டே வா" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"அங்க எழுதி வெச்சிருந்தா" என்றாள் அவள். "இங்க எழுதி வெக்கல, அவ்ளோதான்."

அவள் முள்ளில் கால் வைத்து மகளிடம் நடந்து போனாள். அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். செருப்பைக் கழற்றக் குனிந்தவரால் வெகுநேரம் நிமிர முடியவில்லை.