கே கம்பெனி

இறந்துகிடந்த புருஷன் சென்னிமலையின் மஞ்சள் பூத்த கால்களை வேலாத்தாள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, பந்தலுக்கு வெளியே ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

“குடிச்ச ஈரல். எத்தன நாளைக்குத்தான் தாங்கும்?”

வேலாத்தாள் நிமிரவில்லை. விரலிடுக்குகளைத் துடைத்தாள். அந்த மனிதன் தீபாவளிக்குக்கூடக் குடித்ததில்லை என்பது இருபத்தாறு வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரியும். காமாலை முற்றி ஈரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றே, திருப்பூரை ஒட்டிய மண்ணரை முழுக்க என்ன பேசும் என்பதும் தெரிந்துவிட்டது.

எண்பத்தெட்டில் மருதாசலத்தின் சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்தது. சென்னிமலைதான் ஆபரேட்டர். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். ஆபரேட்டர் குடித்திருந்தான் என்று பேப்பர்காரர்களிடம் மருதாசலம் சொன்னார். சென்னிமலைமேல் போட்ட கேஸ் சாட்சியில்லாமல் தள்ளுபடியாயிற்று. பேச்சு தள்ளுபடியாகவில்லை. செத்தவர்களில் ஒருத்தியின் தாய் நஞ்சம்மாள், குழாயடியில் எல்லோரும் பார்க்கச் சென்னிமலையின் முகத்தில் துப்பினாள். அவர் தோள்துண்டால் துடைத்துக்கொண்டு, நிரம்பாத குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் தெருவில் இறங்கியதே குறைவு.

துப்பியவள்மேல் வேலாத்தாளுக்குக் கோபமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள். சொன்னவர் வேறு ஆள். அந்த ஆளுக்காக ஏழு வருஷம் காத்திருந்தாள்.

மகள் ரங்காத்தாள் இங்கிலாந்திலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகிறது. கோயம்புத்தூரில் படித்து, ஸ்காலர்ஷிப் வாங்கிப் போனவள். சர்வதேச அரசியல் தொடர்பியலில் முதுகலை. அந்தப் பேர் வேலாத்தாளின் வாயில் நுழையவில்லை. வந்த அன்று, நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டாள்.

“அப்படீன்னா என்ன அம்மிணி?”

“ஒரு ஊர்ல ஒண்ணு நடக்குதும்மா. அதைய யாரு மொதல்ல சொல்றாங்க, கடல் தாண்டி அங்க பேப்பர்லயும் பார்லிமெண்ட்லயும் அது என்னவா மாறுது, அதுல யாரு தப்பிக்கிறாங்க, யாரு மாட்டிக்கிறாங்க. அதப் படிக்கிறது.”

“அப்ப, உங்கப்பன் குடிச்சிருந்தாருன்னு சொன்னது கடல் தாண்டிப் போச்சா?”

ரங்காத்தாள் பெட்டியைத் திறந்து இரண்டு ஜெராக்ஸ் தாள்களை எடுத்தாள். திருப்பூர் பனியனை வாங்கும் கம்பெனிகளைப் பற்றி அங்கே ஒரு தொழிற்சங்கம் விசாரித்து, சேர்த்த காகிதங்களைப் பல்கலைக்கழக நூலகத்தில் கொடுத்து வைத்திருந்தது. அந்தக் கட்டுக்குள், சரக்கு வாங்கும் கம்பெனிக்கு மருதாசலம் எழுதிய இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று, ஆபரேட்டர் குடித்திருந்தான் என்று வெடித்த பிறகு எழுதியது. இன்னொன்று, வெடிப்பதற்கு முன்பே எழுதியது. அதை அப்பனுக்குத் தமிழில் சொன்னாள். சென்னிமலை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“மூணு வாட்டி சொன்னனே,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

“இதைய உன்ற படிப்புல எழுதிட்டியா?” என்றாள் வேலாத்தாள்.

“எழுதிட்டேன். பேருதான் போட முடியாது. ஆராய்ச்சியில யாரையும் அடையாளம் காட்டக் கூடாதுன்னு எங்க டிபார்ட்மெண்ட்ல விதி. ‘கே கம்பெனி’ன்னு போட்டிருக்கேன்.”

“உங்கப்பனுக்கு?”

“ஒரு பாய்லர் ஆபரேட்டர்.”

“அந்தாளு பேர மறச்சா அந்தாளுக்கு நல்லது. இவரு பேர மறச்சா யாருக்கு அம்மிணி நல்லது?” என்று கேட்டுவிட்டு வேலாத்தாள் கஞ்சி காய்ச்ச எழுந்து போனாள்.

பிணம் எடுப்பதற்கு முன், பதினோரு மணிக்கு மருதாசலத்தின் கார் தெருமுனையில் வந்து நின்றது. சந்து முழுக்க அவருடைய பனியன் கம்பெனி ஆட்கள். அரை நாள் லீவு விட்டிருந்தார். பந்தல் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆள் உயர ரோஜா மாலையைப் பிணத்தின்மேல் வைத்துக் கும்பிட்டார். பிறகு ரங்காத்தாள் பக்கம் திரும்பினார்.

“உன்ற படிப்பப் பத்திக் கேள்விப்பட்டேன் கண்ணு. கொழந்தத் தொழிலாளி, அது இதுன்னு வெளிநாட்டுக்காரன் நம்மூரப் பத்திக் கண்டதையும் எழுதறான். அவன் பாஷையிலயே அவனுக்குப் பதில் சொல்ல ஆளில்ல. காரியமெல்லாம் முடியட்டும், நம்ம கம்பெனிக்கு வந்துரு.” குரலைத் தணித்துக்கொண்டார். “அப்பன் பண்ணுனதுக்கு நீ என்ன பண்ணுவே? நான் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கல.”

வேலாத்தாள் எழுந்து நின்றாள்.

“ஏனுங்க மொதலாளி, கொஞ்சம் நில்லுங்க. ரங்கா, அந்தக் கடுதாசிய எடுத்துட்டு வா.”

“அம்மா, இப்ப வேண்டாம்மா.”

“இப்பத்தான். இன்னும் கொஞ்ச நேரத்துல உங்கப்பன் இங்க இருக்க மாட்டாரு.”

ரங்காத்தாள் தாளோடு வந்தாள். ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொன்னாள்.

“‘உங்க இன்ஸ்பெக்டர் சொன்னபடி சேஃப்டி வால்வு அடைச்சுத்தான் இருக்குது. எங்க ஆபரேட்டரும் பாய்லர நிறுத்தச் சொல்றான். இப்ப நிறுத்துனா சரக்கு கப்பலுக்குப் போய்ச் சேராது. இந்த ஷிப்மெண்ட் போனதும் மாத்திடறோம்.’”

“எழுதுன தேதி?”

“எண்பத்தெட்டு, பிப்ரவரி பத்து.”

“வெடிச்சது?”

ரங்காத்தாள் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“இருபத்தியொண்ணு.”

நஞ்சம்மாள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“கையெழுத்து யாருது?” என்றாள் வேலாத்தாள்.

மகள் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். நேராக அவரைப் பார்த்தாள்.

“மருதாசலம்.”

மருதாசலம் வேலாத்தாளின் அருகே வந்து மெல்லச் சொன்னார். “இது வெளிய போனா ஆர்டர் நின்னுபோகும். ஐநூறு பேரு ஊட்டுல அடுப்பெரியாது. நெனச்சுப் பாத்தியா?”

வேலாத்தாள் கூட்டத்தைப் பார்த்தாள். முன்வரிசையில் அவளுடைய தம்பி மகள் சின்னத்தாய், தலைமுடியில் பஞ்சுத்தூசியோடு நின்றிருந்தாள். அவள் அந்தக் கம்பெனியில் வாங்கும் சம்பளத்தில்தான் தம்பி வீட்டில் நாலு பேர் சாப்பிடுகிறார்கள்.

“நெனச்சனுங்க. நாலு நாளா அதத்தான் நெனச்சனுங்க. ஏழு வருசத்துல நீங்க ஒருக்கா நெனச்சீங்களா?” குரல் உயரவில்லை. “இவரு குடிச்சிருந்தாருன்னு இப்ப சொல்லுங்க. மூஞ்சியப் பாத்துச் சொல்லிப்போட்டுப் போங்க.”

மருதாசலம் கார் நின்ற பக்கம் பார்த்தார்.

“சொல்ல முடியலீங்களா? அப்ப குடிக்கலன்னு சொல்லுங்க.”

அவர் உதடு அசைந்தது.

“பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்க.”

“குடிக்கல.”

“யாருங்க?”

“சென்னிமலை... அன்னைக்குக் குடிக்கல.”

வேலாத்தாள் குனிந்து ரோஜா மாலையை எடுத்து, மடித்து, அவர் கைகளில் வைத்தாள். “இதையும் கொண்டுட்டுப் போயிருங்க,” என்றாள்.

மாலையை அணைத்துக்கொண்டு அவர் திரும்பினார். சந்தில் வழியில்லை. யாரும் அவரைத் தடுக்கவில்லை, யாரும் விலகவும் இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தான். திரும்பத் திரும்ப அடித்தான்.

“நேரமாச்சு. பொம்பளைங்க எல்லாம் வாய்க்கரிசி போட வாங்க,” என்று வேலாத்தாள் கூப்பிட்டாள். அரிசித் தட்டை முதலில் நஞ்சம்மாளிடம் நீட்டினாள். நஞ்சம்மாள் கொஞ்சநேரம் தட்டையே பார்த்தாள். பிறகு ஒரு பிடி அள்ளிக்கொண்டு குனிந்தாள். அவளுக்குப் பின்னால் சின்னத்தாய் வந்து நின்றாள். அப்புறம் மற்றவர்கள்.

வரிசை சந்துக்குள் நீண்டது. நடுவில் மாலையோடு நின்றவரைச் சுற்றிக்கொண்டு, அவர்மேல் படாமல் நகர்ந்தது. அவர் ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தார். இன்னொரு செருப்பு வரிசையின் கால்களுக்கடியில் எங்கேயோ கிடந்தது.